எங்கள் நூலக அரங்கின் வாயை அடைக்காதீர்கள்: பிர்னோ பகுதி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பகுதி மன்றத் தலைவருக்கும் பண்பாட்டுக் குழு உறுப்பினர்களுக்கும்,

நம் கிளை நூலகத்தின் மாடி அரங்கில் மாதந்தோறும் நடந்துவந்த உரை மாலைகளைப் பற்றி நீங்கள் எடுத்த முடிவு நூலகக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. வரும் செப்டம்பர் முதல் அங்கே நடப்பு அரசியலும் "சர்ச்சைக்குரிய வரலாறும்" பேசப்படக் கூடாது. மற்ற தலைப்புகளிலும் கேள்வி கேட்க விரும்புவோர் ஒரு வாரம் முன்பே எழுதி அனுப்ப வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று அலுவலகம் தீர்மானிக்கும். ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்த, 1945ஆம் ஆண்டு ஜெர்மானியர் வெளியேற்றம் பற்றிய மாலை ரத்து. காலியாகும் நாட்களில் அரங்கைத் தனியார் நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடுவீர்கள். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இதைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

மடலின் செக் வடிவத்தை உங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்துவிட்டேன். மென்பொருள் வேலைக்கு வந்து, பிள்ளைகளை இங்கேயே பள்ளியில் சேர்த்துத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் செக் குடியரசின் இந்தப் பிர்னோ நகரில் இருக்கின்றன. அவர்களில் சிலர் அந்த அரங்கில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். என்ன பறிபோகிறது என்று அவர்களும் அறிய வேண்டும் என்பதால் தமிழிலும் எழுதுகிறேன்.

வாக்குரிமை இல்லாத ஒருவர் இதில் ஏன் தலையிடுகிறார் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அது இல்லாததால்தான் தலையிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறு நாட்டவர் இங்கே குடியிருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எனக்கு, நிரந்தர வசிப்புரிமை இருந்தும், அது கிடையாது. வரி கட்டுகிறேன். என் மகள் உங்கள் பள்ளியில் படிக்கிறாள். டிராம் தண்டவாளம் மாற்ற வீதியைத் தோண்டிப் போட்டால் என் வீட்டு ஜன்னலிலும்தான் புழுதி படிகிறது. உங்களில் ஒருவரை நேருக்கு நேர் பார்த்து, "இது ஏன் இப்படி?" என்று கேட்க எனக்கு எளிதாகக் கிடைத்த ஒரே இடம் அந்த மாடி அரங்கு.

குடியுரிமை கேட்டு வருபவரிடம் இந்த நாடு மொழித் தேர்வோடு இன்னொரு தேர்வும் வைக்கிறது. சட்டம், வரலாறு, பண்பாடு பற்றி 30 கேள்விகள். 18க்காவது சரியான விடை வேண்டும். நியாயமான எதிர்பார்ப்புதான். மனப்பாடம் செய்தே அதில் தேறிவிடலாம். 1968 ஆகஸ்ட் 21 என்ன நாள் என்பதற்குச் சரியான கட்டத்தில் குறி போட்டுவிடலாம். சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் புகுந்த அன்று காலை ரொட்டி வாங்கப் போன ஒரு சிறுமி, தெருமுனையில் டாங்கியைக் கண்டு பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். அந்தச் சிறுமியே அறுபது வயதைத் தாண்டி எழுந்து நின்று அதைச் சொல்லக் கேட்டது உங்கள் அரங்கில். இந்த நாட்டை நான் பழகிக்கொண்டது அப்படித்தான்.

நீங்கள் ரத்து செய்த தலைப்புக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே பொருளில் அங்கே ஒரு மாலை நடந்தது. 1945 மே 30 இரவு தொடங்கி, பிர்னோவின் ஜெர்மன் மொழி பேசிய மக்களில் இருபதாயிரம் பேருக்கும் மேல், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், ஆஸ்திரிய எல்லையை நோக்கி நடத்திச் செல்லப்பட்டார்கள். மெண்டல் பட்டாணிச் செடி வளர்த்த அதே பழைய பிர்னோ மடத்தின் தோட்டத்தில் அவர்களைத் திரட்டி நிறுத்தினார்கள். வழியிலும், பொஹோர்ஷெலிட்சே முகாமிலும் களைத்தும் நோயுற்றும் செத்தவர்கள் பலர். அன்று பேசிய ஆய்வாளர் அந்த இரவை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பேசவில்லை. அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகள் நாஜிகள் இந்த ஊரில் செய்ததை, கோவுனிட்ஸ் மாணவர் விடுதியைச் சிறையாக்கிச் சுட்டும் தூக்கிலிட்டும் கொன்றதை, முதலில் சொன்னார். பிறகுதான் அந்த இரவுக்கு வந்தார்.

உரை முடிந்ததும் மூன்றாம் வரிசையில் ஒரு மூதாட்டி எழுந்தார். தம் சமையலறை அலமாரியில் மாவு, சர்க்கரை, உப்பு என்று நீல எழுத்தில் ஜெர்மன் மொழியில் எழுதிய பீங்கான் சாடிகள் இருப்பதாகச் சொன்னார். 1945 கோடையில் அவருடைய பெற்றோருக்கு அந்த வீடு ஒதுக்கப்பட்டபோது சாடிகள் அலமாரியிலேயே இருந்தனவாம். மாவுச் சாடியில் பாதி மாவு. அந்த மாவில்தான் அம்மா முதல் வாரம் சமைத்தார். "யாருடையது என்று மட்டும் கேட்காதே" என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தார். அம்மா இருந்தவரை மகள் கேட்கவில்லை. "இப்போது கேட்கிறேன். எங்கள் வீட்டில் யார் இருந்தார்கள் என்று எங்கே போய்த் தெரிந்துகொள்வது?"

அரங்கில் யாரும் அசையவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், நகர ஆவணக் காப்பகத்தில் பழைய முகவரிப் புத்தகங்களைப் பார்க்கலாம் என்றார். இன்னொருவர் எழுந்து, தம் தாத்தா ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர் அணியோடு அந்த மக்களுக்குக் காவலாகப் போனவர் என்றார். அதை அவர் வெளியில் சொன்னது அதுவே முதல் முறை என்பது குரலிலேயே தெரிந்தது. மூதாட்டி திரும்பி அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தம் பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் அந்த மனிதர் அங்கே வந்து உட்கார்ந்தார். நூலகர் விளக்கை அணைக்க வந்தபோதும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மூதாட்டி ஒரு வாரம் முன்பே எழுதி அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? எந்தப் படிவத்தில், என்னவென்று எழுதியிருப்பார்? அந்தக் கேள்வி அவருக்குள் எழுபது ஆண்டுகளுக்கும் மேல் கிடந்தது. உரையைக் கேட்டபின் எழுந்தது. உங்கள் புதிய விதி அந்த நிமிடத்தைத்தான் இல்லாமல் ஆக்குகிறது.

இதைச் "சர்ச்சைக்குரிய வரலாறு" என்று ஒதுக்குகிறீர்கள். 2015 மே மாதம் பிர்னோ மாநகர மன்றமே இதற்காக வருத்தம் தெரிவித்து அறிக்கை நிறைவேற்றியது. மக்கள் ஆண்டுதோறும் அதே பாதையில் எதிர்த்திசையில், பொஹோர்ஷெலிட்சேயிலிருந்து பிர்னோவுக்கு, நல்லிணக்க நடை நடக்கிறார்கள். 2016இலிருந்து 'மீட்டிங் பிர்னோ' விழா இந்தப் பேச்சை ஊரின் நடுவில் வைத்து நடத்துகிறது. மாநகரம் வாய் திறந்து சொன்னதை, அதன் 29 பகுதிகளில் ஒன்றின் நூலகத்தில் சொல்லக் கூடாது என்பதற்கு என்ன காரணம்?

சர்ச்சை வேண்டாம் என்றால் எதைப் பேசுவது என்றும் சொல்லுங்கள். மசாரிக்கின் பெயரில் இந்த ஊரில் பல்கலைக்கழகம் இருக்கிறது. அவர் 1918இல் செக்கோஸ்லோவாக்கியக் குடியரசின் முதல் தலைவர் ஆவதற்கு வெகு முன்பே, 1886இல், மொழியறிஞர் யான் கெபாவருடன் சேர்ந்து ஒரு விவாதத்தைத் தொடங்கினார். 1817, 1818 ஆண்டுகளில் "கண்டெடுக்கப்பட்டு", செக் இலக்கியத்தின் தொன்மைக்குச் சான்று என்று நாடே தலையில் வைத்துக் கொண்டாடிய இரண்டு பழஞ்சுவடிகள் போலி என்பதே அந்த விவாதம். துரோகி என்று ஏசினார்கள். பொய்யின் மேல் கட்டிய பெருமை நமக்கு வேண்டாம் என்று அவர் நின்றார். அதே அரங்கில் இன்னொரு மாலையில் நான் கேட்ட உரை அது. தன் மொழியின் தொன்மையைச் சொல்லிச் சொல்லி வளர்த்த ஊரிலிருந்து வந்தவள் நான். தொன்மையை நேசிப்பவர்தான் சான்றைக் கறாராகக் கேட்க வேண்டும் என்று அன்று எனக்குத் தைத்தது. உங்கள் விதிப்படி அந்த உரையும் வடிகட்டலில் நின்றுவிடும்.

லெட்டி முகாமும் நின்றுவிடும். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் ரோமா சிறுபான்மைக் குடும்பங்களை அடைத்து வைத்த அந்த முகாமில் 300 பேருக்கும் மேல் இறந்தார்கள். காவல் நின்றவர்கள் செக்கர்கள். அந்த இடத்தில் 1970களிலிருந்து பன்றிப் பண்ணை நடந்தது. அரசு அதை விலைக்கு வாங்கியது 2017இல். நினைவிடம் திறந்தது 2024இல். அதைப் பராமரிப்பது இந்த ஊரில் 1991இல் தொடங்கப்பட்ட ரோமா பண்பாட்டு அருங்காட்சியகம். பண்ணை தானாக அகலவில்லை. கேட்கச் சங்கடமான ஒன்றைச் சிலர் ஆண்டுக்கணக்கில் பொது இடங்களில் எழுந்து நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

தேர்தலுக்கு முந்தைய மாலையில் கூச்சல் நடந்தது, புகார்கள் வந்தன என்று அறிவிப்பு சொல்கிறது. நான் அன்று அங்கே இருந்தேன். உக்ரைனிய அகதிகள் நம் குழந்தைகளின் மழலையர் பள்ளி இடங்களைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஒருவர் குரலை உயர்த்தினார். தலைக்கணக்கில் பார்த்தால் ஐரோப்பாவிலேயே மிக அதிகமாக உக்ரைனியரை ஏற்றுக்கொண்ட நாடுகளில் இதுவும் ஒன்று, நெருக்கடி உண்மைதான். இரண்டு வரிசை தள்ளி ஒரு பெண் எழுந்தார். உக்ரைனிய உச்சரிப்பு மாறாத செக்கில், தாம் முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்வதாகவும், தம் மகனுக்கும் இன்னும் மழலையர் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். சத்தம் போட்டவர் உட்காரவில்லை. ஆனால் குரல் இறங்கியது. "அப்படியென்றால் நம் இருவருக்கும் இடம் கொடுக்காதவர்கள் யார்?" என்றார். மேடையில் இருந்த பகுதி மன்ற உறுப்பினருக்கு அதற்குப் பதில் இல்லை. கூட்டத்தை நடத்திய ஓய்வுபெற்ற ஆசிரியை கையை உயர்த்தி அனைவரையும் அமைதிப்படுத்தி, பேசியவர்கள் பெயரை வரிசையாக எழுதிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் கொடுத்தார். யாரையும் வெளியேற்றவில்லை. நாற்காலி ஒன்றும் உடையவில்லை. அதைக் கூச்சல் என்று பதிவு செய்திருக்கிறீர்கள். ஒரே குறையுள்ள இரண்டு பேர் ஒருவரையொருவர் கண்டுகொண்ட மாலை அது என்று நான் பதிவு செய்கிறேன்.

இந்த நாட்டுக்கு இது புதிதல்ல, உறுப்பினர்களே. 1918 அக்டோபரில் குடியரசு பிறந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே மக்களுக்குக் குடிமைக் கல்வி வகுப்புகளும் உரைகளும் நடத்த ஒரு சட்டம். ஜூலையில் ஒவ்வோர் ஊராட்சியிலும் பொது நூலகம் வேண்டும் என்று இன்னொரு சட்டம். போரிலிருந்து அப்போதுதான் எழுந்த நாடு அது. ஆனாலும் முதல் ஆண்டிலேயே இவ்விரண்டையும் செய்தது. நம் கிளை நூலகம் அந்தச் சட்டத்தின் பேரப்பிள்ளை.

1963 மே மாதம் லிப்லிட்சே மாளிகையில் இலக்கிய அறிஞர் எதுவார்ட் கோல்ட்ஷ்டுக்கர் முன்னின்று நடத்திய காஃப்கா கருத்தரங்கை நினைத்துப் பாருங்கள். பிராகில் பிறந்த ஓர் எழுத்தாளரைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதே அன்றைய கம்யூனிஸ்ட் ஆட்சியில் துணிவு. ஐந்தாண்டு கழித்து வந்த, 'பிராக் வசந்தம்' என்ற சீர்திருத்தக் காலத்தின் முன்னோடி என்று இன்று அதைச் சொல்கிறார்கள். அந்த வசந்தம் நசுக்கப்பட்டபின், அரங்குகள் மூடியிருந்த காலத்தில், பேச்சு வீடுகளுக்குள் போனது. மெய்யியலாளர் யான் பாட்டோச்கா, மனித உரிமை கோரிய 'சாசனம் 77' இயக்கத்தின் பேச்சாளர்களில் ஒருவராக இருந்ததற்காக நீண்ட விசாரணைகளுக்கு இழுக்கப்பட்டு, 1977 மார்ச் 13 அன்று மருத்துவமனையில் இறந்தார். இன்னொரு மெய்யியலாளர் யூலியுஸ் டோமின் வீட்டில் நடந்த வகுப்புகளில் காவலர் புகுந்தனர். அப்படியொரு வகுப்பில் பேச வந்த பிரெஞ்சு மெய்யியலாளர் ழாக் தெரிதாவை 1981 டிசம்பரில் போதைப்பொருள் வைத்திருந்ததாகப் பொய்க் குற்றம் சாட்டிக் கைது செய்தார்கள். பிர்னோவிலும் 1980களில் நாடகக் கலைஞர் பெட்ர் ஓஸ்ல்ஸ்லி வீட்டில் அத்தகைய கூட்டங்கள் நடந்தன. 1989 நவம்பரில், அந்த ஆட்சியை வீழ்த்திய போராட்டத்தில், நாடக அரங்குகள் வேலைநிறுத்தம் செய்தன. நாடகம் போடாமல் கதவைத் திறந்து வைத்து, மேடையில் இருந்தவர்களும் பார்க்க வந்தவர்களும் பேசினார்கள். அவர்களில் யாரும் கேள்வியை ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுக்கவில்லை. அந்தக் கூட்டங்களில் உங்களில் மூத்தவர்கள் இளைஞராய் நின்றிருப்பீர்கள்.

எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1968க்குப் பின் நாட்டை விட்டுப் போன எழுத்தாளர்கள் பற்றி ஒரு மாலை. டொரொன்டோவில் எழுத்தாளர் ஸ்க்வொரெட்ஸ்கி தம் மனைவியோடு நடத்திய பதிப்பகம், 1979இல் குடியுரிமை பறிக்கப்பட்டு 2019இல் திரும்பப் பெற்ற இந்த ஊர்க்காரர் குந்தேரா என்று பேச்சு போனது. போனவர்களின் பட்டியலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கமில் சுவெலபில் நினைவுக்கு வந்தார். பிராகில் பிறந்து, சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்து, படையெடுப்புக்குப் பின் வெளியேறி அமெரிக்காவிலும் பின்னர் நெதர்லாந்திலும் பணியாற்றிய தமிழறிஞர். சங்க இலக்கியம் முதல் சித்தர் பாடல் வரை எழுதி உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர். கையை உயர்த்தி, "எழுத்தாளர்களைச் சொல்கிறீர்கள், வெளியேறிய அறிஞர்களை இங்கே யாராவது நினைவில் வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டேன். உரையாளர் அவரைப் பற்றி அதிகம் அறிந்திருக்கவில்லை. முன்வரிசையில் இருந்த வெண்தாடிக்காரர் ஒருவர் திரும்பி, பிராகில் மாணவராய் இருந்தபோது அவருடைய வகுப்பில் உட்கார்ந்ததாகச் சொல்லி, தமிழில் "வணக்கம்" என்றார். பிறகு ஒரு திருக்குறளின் முதல் அடியைச் சொல்லி நிறுத்தினார். இரண்டாம் அடியை நான் முடித்தேன். அந்த அரங்கில் நான் விருந்தாளியாக இல்லாமல் போனது அன்றுதான்.

எழுதி அனுப்பியிருந்தால் அந்தக் கேள்வியை உங்கள் அலுவலகம் எடுத்திருக்குமா? தலைப்புக்குத் தொடர்பில்லாதது என்று ஓரம் கட்டியிருக்கும்.

எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே என்று நூலகத்தில் எனக்குச் சொல்லப்பட்டது. பிராகில் உள்ள வாட்ஸ்லாவ் ஹாவெல் நூலகம் தன் மாலைகளைப் பதிவு செய்து வெளியிடுவது உண்மை. நானும் பார்க்கிறேன், நன்றியோடு பார்க்கிறேன். ஆனால் பிராக் அரங்கின் பதிவில் என் தெரு வராது, என் பகுதி மன்ற உறுப்பினர் வர மாட்டார், மாவுச் சாடி மூதாட்டி வர மாட்டார். வாடகைப் பணத்தைப் பொறுத்தவரை, கணக்கைக் காட்டுங்கள், பேசுவோம். உரையாளர்கள் பலர் பயணச் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். நாற்காலி அடுக்குவது நாங்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

செப்டம்பரில் நடைமுறைக்கு வரும் இந்த முடிவை நிறுத்தி வையுங்கள். விடுமுறைக்குப் பிந்தைய முதல் மன்றக் கூட்டத்தில், உரை மாலைகளுக்கு வருவோரையும் பேச அழைத்து, மறுபடி விவாதித்துத் தீர்மானியுங்கள். ரத்தான 1945 மாலைக்குப் புதிய தேதி அறிவியுங்கள். அழைக்கப்பட்டிருந்த அதே உரையாளர்களோடு, அதே அரங்கில். அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்கள் தொண்ணூறை நெருங்குகிறார்கள், தள்ளிப்போட நமக்கு அவகாசம் இல்லை.

கேள்விகளை முன்கூட்டியே வாங்கும் விதியை முற்றாக நீக்குங்கள். ஒழுங்கு வேண்டுமென்றால் ஆளுக்கு இரண்டு நிமிடம், வசை கூடாது, பேசுபவர் பெயர் வரிசைப்படி என்று அந்த ஆசிரியை கடைப்பிடித்ததையே எழுத்தில் வையுங்கள். அதற்கு நாங்கள் கட்டுப்படுவோம். தேர்தல் காலத்தில் அரசியல் பேச்சு கூடாது என்பதற்குப் பதிலாக, போட்டியிடும் எல்லாத் தரப்பையும் ஒரே மேடையில் உட்கார வையுங்கள்.

எந்தப் புகார்களை முன்னிட்டு, எந்தக் கூட்டத்தில், எந்த வாக்கெண்ணிக்கையில் இந்த முடிவு எடுக்கப்பட்டது என்ற பதிவை வெளியிடுங்கள். புகார் தந்தவர்களின் பெயர் வேண்டாம், காரணம் வேண்டும். அரங்கு வாடகைக் கணக்கையும் அதோடு சேருங்கள். 1999ஆம் ஆண்டின் 106ஆம் எண் தகவல் சட்டத்தின்படி இதற்குத் தனி விண்ணப்பமும் கொடுத்திருக்கிறேன்; 15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.

கடைசியாக, அடுத்து நடக்கும் உரை மாலைக்குப் பண்பாட்டுக் குழுவிலிருந்து குறைந்தது இரண்டு பேராவது வாருங்கள். மேடைக்கு வேண்டாம். வரிசையில் உட்கார்ந்து, கூட்டம் கேள்வி கேட்டு முடியும்வரை இருங்கள். எந்தத் தேதி உங்களுக்கு ஏதுவானது என்று நூலகத்துக்குத் தெரிவித்தால் நாற்காலி போட்டு வைக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பகுதியில் வசிக்கும் தமிழ்ப் பெண்,
பிர்னோ